யூ2 செற்றியில் இருந்தபடி பாடியது: உண்மையிலேயே திடீர்ப் பாட்டா?

பரந்தன் சந்தி

வணக்கம் உறவுகளே. பழைய காணொளி ஒன்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகக் கதைக்க விருப்பம்.

2014 பெப்ரவரி 17. ஜிம்மி ஃபாலன் அமெரிக்காவின் 'டுநைட் ஷோ' என்கிற இரவுப் பேச்சு நிகழ்ச்சியைப் பொறுப்பெடுத்த முதல் இரவு. இசை விருந்தாளிகள் அயர்லாந்தின் றொக் குழுவான யூ2. முதலில் நியூயோர்க் றொக்கபெல்லர் கட்டடத்தின் உச்சியில், 70ஆவது மாடியில், நகரம் முழுக்கப் பின்னால் தெரிய, அம்ப் (கிற்றார் ஒலிபெருக்கி), டிரம்ஸ் எல்லாவற்றோடும் ஒரு புதுப் பாட்டு. பிறகு ஸ்ரூடியோவில் நாலு பேரும் செற்றியில் இருந்து ஃபாலனோடு கதைக்கிறார்கள். மண்டேலா பற்றிய படத்துக்காக அவர்கள் எழுதிய பாட்டு அந்த வருசம் ஒஸ்கார் பரிந்துரைப் பட்டியலில் இருந்தது. கதை அந்தப் பக்கம் திரும்புகிறது. அதை இப்போதே கேட்கலாமே என்று வருகிறது. கிற்றார்காரர் எட்ஜ் அக்குஸ்டிக் கிற்றாரைத் தொடுகிறார், பாடகர் பொனோ பாடத் தொடங்குகிறார், நிகழ்ச்சியின் சொந்த இசைக்குழுவான த ரூட்ஸும் சேர்ந்துகொள்கிறது.

மாடியில் பாடியதை ஒரு தடவை பார்த்தேன். செற்றியில் பாடியதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பெரிய மைதானங்களுக்கென்றே உண்டான குரல் என்று நான் நினைத்திருந்த குரல், பக்கத்து வீட்டு விறாந்தையில் ஒருவர் பாடுகிற மாதிரி இறங்கி வருகிறது.

கிளிநொச்சியில் எங்கள் குழுப் பெடியளுக்குப் பழக்கம் முடிந்த பிறகு போட்டுக் காட்டினேன். ஒக்டபாட் (மின் டிரம்ஸ்) வாசிக்கிறவர் உடனேயே சொன்னார்: "இது எல்லாம் ஏற்கெனவே பேசி வைத்தது. திடீரென்று கேட்ட மாதிரிக் காட்டுகிறார்கள்." அதோடு ஆளுக்கு ஆள் பிரிந்து பெரிய வாக்குவாதமாகிவிட்டது.

முன்கூட்டியே ஒழுங்கு செய்ததா? அப்படியென்றால் நான் கேட்டுச் சிலிர்த்ததற்கு என்ன பெறுமதி? ஒலி வேலை, மேடை அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கோ.

அக்கராயன்

தம்பி, நான் கோயில் திருவிழா, கலியாண வீடு, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி என்று சவுண்ட் செற் வாடகைக்கு விடுகிற ஆள். காணொளியைப் பார்த்தேன். ஒழுங்கு செய்ததுதான், அதில் சந்தேகம் வேண்டாம்.

ஏன் என்று சொல்கிறேன். நேர்காணலுக்கு வருகிற ஆளுக்குச் சட்டையில் குத்துகிற சின்ன மைக் போதும். அது பேச்சுக்கானது. நெஞ்சுக்குக் கிட்ட இருக்கும், பேச்சின் அளவுக்குத்தான் மிக்சரில் (ஒலிகளைக் கலக்கிற பெட்டியில்) திறந்து வைத்திருப்பார்கள். அந்த மைக்கில் ஒருவர் எழும்பிக் குரலை விட்டால் உடைந்து கேட்கும். பக்கத்தில் இருப்பவரின் மூச்சு, சபையின் கைதட்டு, கிற்றார் எல்லாம் அதற்குள் கலந்து போகும். நாலு பேரின் மைக்கையும் ஒரேயடியாகக் கூட்டினால் கூவத் தொடங்கும். திருவிழாவில் பேச்சாளர் மைக்கில் பஜனை பாடச் சொல்லிக் கேட்கிறவர்களுக்கு நான் இதைத்தான் ஒவ்வொரு வருசமும் விளங்கப்படுத்துகிறேன்.

அடுத்தது கிற்றார். அக்குஸ்டிக் கிற்றாரைச் சும்மா கையில் கொடுத்தால் முன் வரிசைக்குக் கேட்கும், தொலைக்காட்சிக்குக் கேட்காது. நரம்பு தாங்குகிற பாலத்துக்குக் கீழே, அதிர்வைப் பிடிக்கிற பிக்கப் இருக்க வேண்டும், அதிலிருந்து வயரோ வயர்லெஸ்ஸோ மிக்சருக்கு ஏற்ற மாதிரி மாற்றிக் கொடுக்கிற டிஐ பெட்டிக்குப் போக வேண்டும், அங்கிருந்து மிக்சருக்கு. இல்லாவிட்டால் கிற்றாருக்கென்று தனி மைக் வைக்க வேண்டும். இதெல்லாம் பேச்சின் நடுவில் முளைக்காது.

இன்னொன்று, இதுதான் எனக்குப் பெரிய சாட்சி: சுருதி. ஸ்ரூடியோ விளக்கின் சூட்டிலும் ஏசிக் குளிரிலும் இரும்பு நரம்பு நிற்காது. கையில் எடுத்தவுடன் கிற்றார் சுருதியாக இருக்கிறது என்றால் கொஞ்ச நேரத்துக்கு முன் யாரோ ஒருவர் அதைத் திருகிச் சரி பார்த்திருக்கிறார். ரூட்ஸுக்கு ஒரு பாட்டைப் பிடிக்க அதிக நேரம் தேவையில்லை, அவர்கள் அப்பேர்ப்பட்ட ஆட்கள். ஆனால் அவர்களின் மைக்குகளை எந்த அளவில் திறப்பது என்று மிக்சரில் இருக்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டுமே.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. வேலை அப்படித்தான்.

மல்லாவி

அண்ணா சொன்னது தொழில்நுட்பம். நான் கேட்பது நேர்மை.

ஒழுங்கு செய்தால் செய்யட்டும். "இப்போது உங்களுக்காக ஒரு பாட்டு, வாத்தியங்களைக் குறைத்துப் பாடப் போகிறோம்" என்று சொல்லிவிட்டுப் பாடலாமே? எதற்காக அப்போதுதான் எண்ணம் வந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும்? பார்க்கிறவன் வீட்டில் இருந்து, தனக்கு மட்டும் கிடைத்த ஒரு தருணம் என்று நம்புகிறான். அந்த நம்பிக்கையை ஒரு நிறுவனம் கணக்குப் போட்டுச் செய்கிறது. அன்றைக்கு ஃபாலனின் முதல் நாள், பேசப்படுகிற காட்சி ஒன்று தேவை. யூ2வுக்கு ஒஸ்கார் வாக்களிப்பு முடியுமுன் பாட்டு எல்லோரின் காதிலும் விழ வேண்டும். விருது மார்ச் 2ஆம் திகதி. இரண்டு பக்கத்துக்கும் லாபம். பாட்டு நல்ல பாட்டு, மறுக்கவில்லை. ஆனால் தன்னெழுச்சி என்று எனக்கு விற்காதீர்கள்.

எங்கள் சனம் மற்றவர்கள் கமெராவுக்கு முன் ஒழுங்குபடுத்தி வைத்த காட்சிகளை நிறையவே பார்த்துவிட்டது. அதனால் எனக்கு இதில் கொஞ்சம் கடுமை கூட.

பரந்தன் சந்தி

மல்லாவி, நீங்கள் கடைசியாகச் சொன்னது விளங்குகிறது. ஆனால் முழுக்க ஒழுங்கு செய்ததற்கும், எந்த ஒழுங்கும் இல்லாததற்கும் நடுவில் ஒன்றுமே இல்லையா? அந்த இடம்தான் எனக்குப் பிடிபடவில்லை.

நெடுங்கேணி

நல்ல இழை. றொக் வரலாற்றில் இந்தக் கேள்விக்கு நீண்ட கதை இருக்கிறது. எனக்கு விருப்பமான விசயம், நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த யூ2 நிகழ்ச்சிக்குள்ளேயே ஒரு சாட்சி. மாடியில் பாடும்போது வானத்தைப் பாருங்கள். சூரியன் மறைகிற நேரம். நியூயோர்க்கில் பெப்ரவரி நடுவில் சூரியன் மறைவது பின்னேரம் ஐந்தரை மணியளவில். நிகழ்ச்சி ஒளிபரப்பானது நடுச்சாமத்தை ஒட்டி. ஆக மொத்த நிகழ்ச்சியும் பின்னேரமே பதிவானது. சூரியனின் நேரத்துக்குக் கமெராவைத் தயாராக வைத்திருந்தவர்கள், செற்றிப் பாட்டை மட்டும் தற்செயலுக்கு விட்டிருப்பார்களா?

ஆனால் மல்லாவி சொல்கிற மாதிரி இதைக் கள்ளம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. காரணம் 1968. றொக் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி பல வருசமாகப் படங்களில் நடித்து, மேடைப் பக்கமே வராமல் இருந்த காலம். என்பிசி தொலைக்காட்சி அவரை வைத்து ஒரு சிறப்பு நிகழ்ச்சி செய்கிறது. இயக்குநர் ஸ்டீவ் பைண்டர். வேலை முடிந்த பிறகு உடை மாற்றும் அறையில் எல்விஸும் கூட்டாளிகளும் கிற்றாரைத் தட்டிப் பழைய பாட்டுகளைப் பாடிச் சிரித்துக்கொண்டிருப்பதைப் பைண்டர் பார்க்கிறார். மேடைக்கென்று எழுதி வைத்த எல்லாவற்றையும் விட இது மேல் என்று அவருக்குப் பட்டுவிட்டது. அந்த அறைக்குள் கமெராவைக் கொண்டுபோக விடவில்லை. அதனால் அவர் அறையின் சூழலை வெளியே கொண்டுவந்தார்: குத்துச்சண்டை மேடை மாதிரிச் சின்னச் சதுர மேடை, சுற்றிவர முழங்கால் முட்டுகிற தூரத்தில் சபை, நடுவில் கதிரைகளில் இருந்து கதைத்துக் கதைத்துப் பாடுகிறார்கள். டிரம்ஸ் செற் இல்லை. டீ. ஜே. ஃபொன்டானா என்கிற டிரம்ஸ்காரர் ஒரு கிற்றார்ப் பெட்டியில் தட்டுகிறார்! எல்விஸ் பாதியில் தன் கிற்றார்காரர் ஸ்கொட்டி மூரின் எலக்ட்ரிக் கிற்றாரை வாங்கி வாசிக்கிறார். ஜூன் கடைசியில் ஒரே நாளில் இரண்டு தடவை அப்படிப் பதிவு செய்து, நல்ல இடங்களைச் சேர்த்து டிசம்பர் 3ஆம் திகதி ஒளிபரப்பினார்கள்.

இப்போது சொல்லுங்கள். இது ஒழுங்கு செய்ததா? ஆம், மேடை முதல் ஆசனம் வரை. பொய்யா? அந்தச் சிரிப்பும், சொல் மறந்து தடுமாறுகிற இடங்களும் உண்மை. ஒருவர் அசல் ஒன்றைக் கண்டார், அது இன்னொரு தடவை நிகழக்கூடிய இடத்தைக் கட்டிக் கொடுத்தார்.

நிர்வாணா என்கிற அமெரிக்க றொக் குழுவின் 'அன்பிளக்ட்' (கரண்ட் வாத்தியம் இல்லாமல் வாசிக்கிற கச்சேரி) இன்னொரு பக்கம். 1993 நவம்பர் 18, நியூயோர்க், சோனி ஸ்ரூடியோ. எம்டிவி என்கிற இசைத் தொலைக்காட்சி 1989 முதல் அந்தத் தொடரைச் செய்துகொண்டிருந்தது. குழுவின் பாடகர் கேர்ட் கோபெய்ன் அக்குஸ்டிக் கிற்றார் வைத்திருக்கிறார், 1959ஆம் ஆண்டின் மார்ட்டின் டி-18ஈ. அந்தக் கிற்றாரில் பிக்கப் இருக்கிறது, அது சத்தத்தை மாற்றுகிற எஃபெக்ட் பெடல்களுக்கூடாக ஒரு அம்புக்குப் போகிறது, அந்த அம்பை மேடை மொனிட்டர் (பாடுகிறவருக்கே கேட்க வைக்கிற ஸ்பீக்கர்) மாதிரிப் பெட்டியடித்து மறைத்து வைத்திருந்தார்கள். லில்லிப் பூவும் மெழுகுதிரியும் அவர் கேட்டு வைத்தவை. முன்னதாக ஒத்திகையும் நடந்தது. இவ்வளவும் இருந்தும், முழுக் கச்சேரியையும் நிற்காமல் ஒரே எடுப்பில் முடித்தார்கள். கடைசிப் பாட்டில் குரல் கிழிகிற இடத்தை எந்த ஒத்திகையும் தயார் செய்திருக்க முடியாது. அதே கிற்றார் 2020இல் ஏலத்தில் 60 லட்சம் டொலருக்கு மேல் போனது.

யூ2வுக்கும் இது புதிதில்லை. 1987 மார்ச்சில் லொஸ் ஏஞ்சலிஸில் ஒரு மதுபானக் கடைக் கூரையில் ஏறி, காணொளிப் படப்பிடிப்புக்காகப் பாடினார்கள். தெருவே திரண்டு பொலிஸ் வந்து நிற்பாட்டுகிற காட்சி. பொலிஸ் கரண்டை வெட்டினால் என்ன செய்வது என்று கூரையில் ஒரு ஜெனரேற்றரையும் ஏற்றி வைத்திருந்தார்கள்.

அக்கராயன்

ஜெனரேற்றரை ஏற்றி வைத்தவர் என்னை மாதிரி ஆள். அவருக்கு என் மரியாதை.

முள்ளியவளை

பிள்ளைகள், எனக்கு இங்கிலீசுப் பாட்டு அதிகம் தெரியாது. பேரன் காட்டித்தான் இந்தச் செற்றிப் பாட்டைப் பார்த்தேன். ஆனால் நீங்கள் கேட்கிற கேள்வி எங்களுக்குக் கூத்தில் பழகின கேள்வி.

முல்லைத்தீவுப் பக்கத்துக் கோவலன் கூத்தை, எங்கள் முல்லைமோடியை, பார்த்திருப்பீர்கள். கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் மாதக்கணக்கில் பழக்குவார். தருவும் (கூத்துப் பாட்டும்) தாளமும் ஆட்டமும் நித்திரையிலும் வருகிற அளவுக்குப் பழக்கம். அரங்கேற்றத்துக்கு முதல் இன்ன இடத்தில் இன்னார் வர வேண்டும், இன்ன தரு என்று எல்லாம் முடிவு. பிறகு களரிக்கு, கூத்து மேடைக்கு, ஏறினால்? ஒருவருக்குத் தொண்டை கட்டியிருக்கும். அண்ணாவியார் அடியை மெல்ல இறக்கிக் கொடுப்பார், பிற்பாட்டுக்காரர் அவரின் வரியை ஒரு தடவை கூடப் படிப்பார்கள், அவர் மூச்சு வாங்குவார். சபைக்குத் தெரியாது. இன்னொருவருக்கு அன்றைக்கு ஆட்டம் பிடித்துவிடும், நிற்க மாட்டார், மத்தளம் அவரை விடாமல் பின்னால் போகும். பகிடி விடுகிற கட்டியகாரன் சபையில் யார் இருக்கிறார் என்று பார்த்து அந்த ஆளை வைத்தே ஒரு கதை விடுவான். இதெல்லாம் ஏட்டில் இல்லை. ஆனால் ஏடு முழுக்க மனதில் இல்லாதவனால் இதில் ஒன்றையும் செய்ய முடியாது.

வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு நாதஸ்வரமும் தவிலும் வாசிக்க வருகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். இரண்டு தவில் ஒன்றையொன்று மறித்து வாசிக்கும்போது இன்றைக்கு என்ன வாசிப்பம் என்று பேசி வைத்தா வருகிறார்கள்? பேசி வைப்பதில்லை. ஆனால் அந்தக் கணக்குகள் சின்ன வயதிலிருந்து விரலில் இருக்கின்றன.

பரந்தன் தம்பி, நீ கேட்ட நடுவிலுள்ள இடம் அதுதான். அந்த நாலு வெள்ளைக்காரப் பெடியளும் எத்தனை வருசமாகச் சேர்ந்து வாசிக்கிறார்கள்?

நெடுங்கேணி

ஐயா, 1976இல் டப்ளினில் பள்ளிக்கூடப் பெடியளாகத் தொடங்கினவர்கள். 2014இல் அவர்களுக்கு 38 வருசம், அதே நாலு பேர்.

முள்ளியவளை

அப்ப அவர்களைத் திடீரென்று கேட்டாலும் பாடுவார்கள், சொல்லி வைத்துக் கேட்டாலும் பாடுவார்கள்.

இன்னொன்றும் எழுத வேண்டும். வாத்தியத்தைக் குறைத்து, கரண்ட் இல்லாமல் பாடுவதை நீங்கள் ஒரு அழகாகப் பேசுகிறீர்கள். அழகுதான். ஆனால் எங்களுக்கு அது ஒரு காலத்தில் வேறு வழியில்லாத நிலை. 1990க்குப் பிறகு வன்னியின் பெரும்பகுதிக்குப் பொதுமின்சாரம் இல்லை. யுத்தம் முடியும்வரை அப்படித்தான். பற்றரி வராது, வந்தாலும் விலை கேட்க முடியாது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோவும் கசற்றும் கேட்டோம். சுற்றுகிறவனின் கை தளர்ந்தால் கசற் இழுக்கும். பாட்டுக்காரனின் குரல் அப்படியே கிழவன் குரலாய்க் கீழே இறங்கும், ஒரு சின்னப் பெடியன் ஓடி வந்து கை மாற்றுவான், குரல் திரும்ப மேலே ஏறும். அந்தச் சுருதி ஏறி இறங்கின பாட்டைத்தான் நாங்கள் பாடமாக்கினோம். சில பாட்டுகளின் சரியான வேகம் என்னவென்று கரண்ட் வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிய வந்தது.

மைக் இல்லாமல் கூத்தாடினோம். பெற்றோமக்ஸ் வெளிச்சத்தில் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்றால் அடிவயிற்றிலிருந்து எடுத்துப் பாட வேண்டும். மெல்லப் பாடுவது என்பது மைக் இருக்கிறவனுக்குக் கிடைத்த வசதி, தம்பி. அந்த வெள்ளைக்காரர் மெல்லப் பாடுகிறார் என்று நீ சிலிர்க்கிறாய். அக்கராயன் சொன்ன அத்தனை வயரும் சேர்ந்துதான் அவரை அப்படி மெல்லப் பாட விடுகின்றன.

பரந்தன் சந்தி

ஐயா, இதை நான் யோசித்ததே இல்லை. நன்றி.

தண்ணிமுறிப்பு

நான் இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். மல்லாவிக்கு ஒரு பதில் எழுத வேண்டும், ஏனென்றால் நான் மறுபக்கத்தில் இருந்திருக்கிறேன்.

எங்கள் ஊரில் நாலைந்து பெண்கள் சேர்ந்து பாடுகிறோம். அரிவு வெட்டுப் பாட்டு, தாலாட்டு, கும்மி, அம்மம்மாமார் பாடினவை. ஒரு தைப்பொங்கலுக்கு ஒரு தொலைக்காட்சியில் நேர்காணலுக்கு அழைத்தார்கள். பெயர் வேண்டாம். பேச்சு மட்டும்தான், பாட்டு இல்லை, வாத்தியம் ஒன்றும் கொண்டுவர வேண்டாம் என்று திருத்தமாகச் சொன்னார்கள். உடுக்கையும் கைத்தாளத்தையும் வீட்டில் வைத்துவிட்டுப் போனோம்.

பேச்சு நடக்கிறது. நேரடி ஒளிபரப்பு. நடுவில் தொகுப்பாளர் சிரித்துக்கொண்டு, "சரி, இப்ப எங்களுக்காக ஒரு பாட்டு" என்றார். ஒருவரையொருவர் பார்த்தோம். சுருதி இல்லை. எங்களில் மூத்தவர் ஒரு இடத்தில் எடுத்தார், அது மற்றவர்களுக்கு மேல். இரண்டாவது வரியில் ஒருவருக்கு எட்டவில்லை, அவர் நிற்பாட்டிவிட்டார். எனக்கு வலப்பக்கம் இருந்தவரின் சட்டை மைக் சேலையில் உரஞ்சிக் கரகரத்தது. தொகுப்பாளர் முதல் கண்ணி முடியுமுன்னே கைதட்டி விளம்பரத்துக்குப் போய்விட்டார். வயல்வெளியில் ஒரு நாள் முழுக்கப் பாடக்கூடிய பெண்கள் அவர்கள். ஊரில் பார்த்தவர்கள் "ஏன் அப்படிப் பாடினீங்கள்" என்று கேட்டார்கள். அந்த மூத்தவர் பிறகு எங்களோடு வெளியில் பாட வரவில்லை.

அதுதான் உண்மையான திடீர்ப் பாட்டு. எந்த ஒழுங்கும் இல்லை, நடிப்பும் இல்லை. மல்லாவி, உங்கள் கணக்கில் அது நேர்மையானது. எனக்கு அது மரியாதைக் குறைவு. ஒரு பாட்டுக்காரரைக் கூப்பிட்டு இருத்தி வைக்கிறவர், அவர் நல்லாகப் பாடுவதற்கு வேண்டியதைச் செய்து வைக்கக் கடமைப்பட்டவர். ஃபாலன் நிகழ்ச்சியில் அந்தக் கிற்றாரைச் சுருதி சேர்த்துப் பக்கத்தில் வைத்த ஆள் யாரென்று எனக்குத் தெரியாது, ஆனால் அப்படி ஒருவர் எங்களுக்கு அன்றைக்கு இருந்திருக்கலாம்.

அக்கராயன்

அக்கா, வாசிக்கவே வயிறு எரிகிறது. சேலைக்குச் சட்டை மைக் குத்துவதென்றால் தோள் மடிப்பில் குத்தி வயரை ஒரு தரம் வளைத்து ஒட்ட வேண்டும். அது கூடச் செய்யவில்லை.

அந்த அம்மாவைத் திரும்பக் கூட்டி வாருங்கோ. உங்கள் அடுத்த நிகழ்ச்சிக்குச் சவுண்ட் என் பொறுப்பு, காசு வேண்டாம்.

மல்லாவி

தண்ணிமுறிப்பு அக்கா, உங்களுக்கு நடந்தது அநியாயம். அதை நேர்மை என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். பாடுகிறவருக்குத் தெரியாமல் சபையை மகிழ்விப்பதும், சபைக்குத் தெரியாமல் எல்லாவற்றையும் ஒழுங்கு செய்வதும் எனக்கு ஒரே குடும்பத்துப் பிழைகள். இரண்டிலும் ஒரு பக்கத்துக்கு விசயம் மறைக்கப்படுகிறது. உங்கள் கதையில் மறைக்கப்பட்டது பாட்டுக்காரருக்கு, அதனால் அது பெரிய பிழை. யூ2 கதையில் மறைக்கப்பட்டது பார்க்கிறவனுக்கு, அது சின்னப் பிழை. சின்னது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

எல்விஸ் உதாரணத்தில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், மேடை மேடையாகவே தெரிகிறது. கமெராவும் சபையும் கண்ணுக்கு முன் இருக்கின்றன. யாரும் அதை உடை மாற்றும் அறை என்று சொல்லவில்லை. ஐயா சொன்ன கூத்திலும் களரி களரிதான், பழகி வந்திருக்கிறார்கள் என்று ஊருக்கே தெரியும். பழக்கத்தைக் கேட்க இரவில் போய் இருப்பவர்களும் உண்டு. அப்படித் திறந்து வைத்துவிட்டுப் பிறகு அதற்குள் புதிதாக ஒன்று நடந்தால், அதை நான் முழு மனதோடு எடுத்துக்கொள்வேன். ஃபாலனிடம் நான் எதிர்பார்த்தது அந்த ஒரு வரிதான்: "கொஞ்ச நேரத்துக்கு முன்தான் இவர்களிடம் கேட்டேன், சரி என்றார்கள்." அதைச் சொல்லியிருந்தாலும் பாட்டில் ஒரு சொட்டுக் குறைந்திருக்காது.

நெடுங்கேணி

இது நல்ல வரி. ஆனால் அமெரிக்கப் பேச்சு நிகழ்ச்சியின் வழக்கம் ஒன்று இருக்கிறது. அங்கே விருந்தாளி சொல்கிற பகிடிக் கதை கூட முன்னேற்பாட்டாளர் ஒருவர் அவரோடு முதலே கதைத்துத் தெரிவு செய்தது. தொகுப்பாளர் "உங்கள் நாய்க்கு என்னவோ நடந்ததாமே" என்று கேட்பது அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான். அங்கத்தைய சபைக்கு இது தெரியும், கலியாண வீட்டில் "சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்" என்று சொல்வதை யாரும் திடீர் அழைப்பாக எடுக்காத மாதிரி. அதனால் ஏமாற்று என்கிற சொல்லுக்கு நான் போக மாட்டேன். கடல் கடந்து, வழக்கம் தெரியாமல் பார்க்கிற எங்களுக்குத்தான் அது சத்தியம் மாதிரிக் கேட்கிறது.

பரந்தன் சந்தி

எல்லோருக்கும் நன்றி. நான் இந்த இழையைத் தொடங்கினதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, இப்போது சொல்வது நல்லது. எங்கள் குழுவையும் ஒரு நேர்காணலுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். இணையத்தில் போகிற நிகழ்ச்சி, சின்ன இடம். "கதைக்கேக்க நடுவில சும்மா ஒரு பாட்டுப் பாடுங்கோவன், முன்கூட்டி யோசிக்க வேண்டாம், அப்பதான் இயல்பாக இருக்கும்" என்று சொன்னார்கள். தண்ணிமுறிப்பு அக்கா எழுதியதை வாசித்த பிறகு எனக்கு அந்தச் "சும்மா"வில் பயம் பிடித்துவிட்டது.

ஒக்டபாட்டை விட்டுவிட்டு, ஒரு கிற்றார், இரண்டு குரல், பெட்டியில் தட்ட ஒருவர் என்று யோசிக்கிறோம். எங்கள் சொந்தப் பாட்டு ஒன்று. இரணைமடுக் குளத்தில் வான்கதவு திறக்கிற நாளைப் பற்றி எழுதினது. அக்கராயன் அண்ணா, என்ன தயார் செய்ய வேண்டும்? எதைத் தயார் செய்யாமல் விட வேண்டும்? இரண்டையும் சொல்லுங்கோ.

அக்கராயன்

முதல் வேலை, அவர்களிடம் கேள்: எத்தனை மைக், என்ன மைக், மிக்சர் இருக்கிறதா, அல்லது கமெராவுக்கு நேரே போகிறதா. சின்ன இடங்களில் பெரும்பாலும் இரண்டு சட்டை மைக்கை நேரே கமெராவில் செருகி வைத்திருப்பார்கள். அப்படியென்றால் அந்த மைக்கை நம்பாதே. என்னிடம் இருக்கிற சின்ன மிக்சரையும், தாங்கியோடு இரண்டு நல்ல மைக்கையும் கொண்டு போ. ஒரு மைக் இரண்டு குரலுக்கும் நடுவில். உரத்துப் பாடுகிறவர் ஒரு சாண் பின்னுக்கு இருக்கட்டும், அதுதான் உங்கள் மிக்சிங். மற்ற மைக்கைக் கிற்றாரின் கழுத்தும் உடலும் சேருகிற இடத்தைப் பார்த்து வை. ஓட்டைக்கு நேரே வைக்காதே, குமுகுமுவென்று கேட்கும். பிக்கப் மலிவானதென்றால் அதைப் பாவிக்க வேண்டாம், தகரத்தில் கல்லெறிந்த சத்தம் வரும்.

நரம்பை ஒரு நாள் முதல் மாற்று, அன்றைக்குக் காலையில் மாற்றாதே. புது நரம்பு இழுபட்டுக்கொண்டே இருக்கும், கிளிநொச்சி வெயிலில் வாகனத்துக்குள் கிற்றாரை வைத்தால் இன்னும் மோசம். பேச்சுத் தொடங்க முதல் ஒரு தரம் சுருதி பார், பாட்டுக்கு முதல் கையை வைத்து ஒரு கோர்டை (நரம்புகள் சேர்ந்து ஒலிக்கிற சுரத்தை) மெல்லத் தொட்டுப் பார்.

கதிரையில் இருந்து பாடிப் பழகு. எல்லோரும் நின்றே பழகிவிட்டு அங்கே போய் இருந்தால் மூச்சு எட்டாது. தேவையென்றால் பாட்டை ஒரு கட்டைக்கோ இரண்டு கட்டைக்கோ இறக்கு.

எதை விட வேண்டும் என்று கேட்டாய். முடிவை விடு. கடைசிப் பல்லவியை எத்தனை தரம் பாடுவது என்று முடிவு செய்யாமல் போ. கிற்றார்காரரைப் பார்த்துக்கொண்டு அந்த இடத்தில் முடிவெடுங்கள்.

முள்ளியவளை

நல்ல புத்தி. நான் ஒன்று சேர்க்கிறேன்: பெட்டியில் தட்டுகிறவர் பாடுகிறவரின் வாயைப் பார்த்துத் தட்ட வேண்டும், தன் கையைப் பார்த்து இல்லை. அவரைப் பாடுகிறவருக்கு எதிரே இருத்து, பக்கத்தில் இருத்தாதே. கமெராக்காரன் எல்லோரையும் ஒரே வரிசையில் இருக்கச் சொல்லுவான். கேட்காதே.

தண்ணிமுறிப்பு

தொகுப்பாளரோடு முதலே கதைத்து, எந்தக் கேள்விக்குப் பிறகு பாட்டு என்று முடிவு செய்துகொள்ளுங்கள். அவர் வேண்டாம் என்றால் நீங்களும் பாட்டு வேண்டாம் என்று சொல்லலாம். அதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது.

மல்லாவி

அப்படியே, பாடத் தொடங்க முதல் நீங்களாகவே சொல்லிவிடுங்கள்: "இதை இப்படிக் குறைத்துப் பாட ஒரு கிழமையாகப் பழகினோம்." நான் கட்டாயம் பார்ப்பேன், இங்கே வந்து எழுதவும் செய்வேன்.

பரந்தன் சந்தி

சொல்லுவோம். எங்களுக்கும் அதில் வெட்கம் இல்லை. பெட்டி தட்டுகிறவரை எதிரே இருத்துவது பற்றி இன்றைக்கே பழகிப் பார்க்கிறோம், ஐயா. அக்கா, தொகுப்பாளருக்கு நாளைக்குக் கோல் எடுக்கிறேன்.

அக்கராயன் அண்ணா, மிக்சரும் மைக்கும் எடுக்க எப்ப வரலாம்?

அக்கராயன்

ஞாயிறு இரண்டு மணிக்கு முதல் வா, பின்னேரம் எனக்குக் கோயில் வேலை. கிற்றாரையும் கொண்டு வா, மைக் வைக்கிற இடத்தைக் காட்டித் தருகிறேன்.